வல்வெட்டித்துறையில் பிளந்த வள்ளம்

கப்பல் நாகப்பட்டினத்தை விட்டு அரை மணி நேரத்தில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. மடியில் துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பைக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பைபர் துண்டு. என் மகன் பாலு ஓட்டுகிற போட்டைக் கட்டும்போது விளிம்பில் அறுத்து எடுத்த மிச்சம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் முப்பது வருஷமாக பைபர் போட்டு கட்டுகிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. போன மார்கழியில் பாலுவுக்கு ஒரு போட்டு கட்டினேன். அதே மார்கழியில் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் குகன் ஒன்று கட்டினான். என்னிடம் தொழில் பழகியவன். கலவையும் என்னுடையதுதான். குகன் கட்டியது மாசியில் நடுக்கடலில் மூக்குப் பிளந்தது. அதிலிருந்த இரண்டு பேர் மிதந்து பிழைத்தார்கள். குகன் போன் போட்டு, "ஒருக்கா வந்து பாருங்கோ அண்ணை" என்றான்.

பாலு தினமும் ஒரு கூட்டாளியோடு அந்த போட்டில்தான் கடலுக்குப் போகிறான். நான் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் நான் கட்டியது தப்பு என்று ஆகும். குகன் எங்கோ பிசகியிருப்பான், அதைக் கண்ணால் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பலாம் என்றுதான் கிளம்பினேன்.

கப்பலில் பக்கத்து இருக்கையில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். சென்னையில் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்.

"தம்பிக்குச் சத்தி வரேல்லையோ?"

"இல்லம்மா, வாந்தி வராது. கடல் பழக்கம்."

"பேந்து ஏன் முகம் இப்பிடி வாடிக் கிடக்கு? இந்தாங்கோ, தேசிக்காய். மணந்து பாருங்கோ."

எங்கள் ஊர் எலுமிச்சைதான். வாங்கி மோந்தேன். ஒன்றும் மாறவில்லை.

காங்கேசன்துறையில் இறங்கியதும் பையைத் திறக்கச் சொன்னார்கள். அதிகாரி பைபர் துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்து சிங்களத்தில் ஏதோ கேட்டார். பக்கத்தில் இருந்தவர் தமிழில் சொன்னார்.

"உது என்னெண்டு கேக்கிறார்."

"போட்டுத் துண்டு."

"என்னத்துக்குக் கொண்டு வாறீங்கள்?"

"ஒருத்தருக்குக் காட்ட."

அதிகாரி அதை மேசையில் இரண்டு தட்டு தட்டினார். கணீரென்று கேட்டது. சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். "நல்ல உறுதியாம்" என்றார் பக்கத்தில் இருந்தவர். நானும் கொட்டகையில் தட்டிப் பார்த்தேன். இப்படித்தான் கேட்டது. குகனும் அவன் போட்டைத் தட்டிப் பார்த்துத்தான் கடலில் இறக்கியிருப்பான்.  துண்டைப் பைக்குள் போட்டேன்.

வெளியே குகன் மோட்டார் சைக்கிளோடு நின்றான். தலை நரைத்திருந்தது. சண்டைக்காலத்தில் எங்கள் பக்கம் அகதி முகாமில் இருந்தவன். ஏழு வருஷம் என் கொட்டகையில், பைபர் நாரை ஒட்டி இறுக்குகிற பசையான ரெசினைக் கலந்தான். ஊர் திரும்பியதும் மேசன் வேலைக்குப் போனான். இடிந்த வீடுகளை எல்லாம் திரும்பக் கட்டிய காலம் அது. வேலை குறைந்த பிறகுதான் போட்டு கட்ட வந்தான்.

"மெலிஞ்சு போனியள் அண்ணை."

"நீ மட்டும் என்னவாம்."

பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறிக்கொண்டேன்.

ரோட்டில் சத்தம் குறைவு. எங்கள் ஊரில் ஆரன் அடிக்காமல் ஆட்டுக்குட்டியைக்கூடத் தாண்ட மாட்டார்கள். இங்கே லாரிக்காரன்கூட சைக்கிளுக்குப் பின்னால் பொறுமையாக வருகிறான். வழியில் ஒரு கடையில் பாணும் சம்பலும் சாப்பிட்டோம். பாண் என்றால் ரொட்டி. சம்பல் காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. பிளேன்டீக்குச் சீனியைத் தனியாகக் கொடுத்தார்கள். பால் இல்லாத டீயை நான் காய்ச்சலில்தான் குடிப்பேன். குடித்தேன்.

வல்வெட்டித்துறைக்குப் போய்ச் சேர்ந்து முதல் வேலையாக பாலுவைப் போனில் கூப்பிட்டேன்.

"அணியத்துல ஏதாவது விரிசல் தெரியுதா பாரு."

அணியம் என்பது போட்டின் முன்மூக்கு.

"ஏம்பா?"

"சும்மாதான். பாரு."

"ஒண்ணும் இல்லப்பா. கண்ணாடி மாதிரி இருக்கு."

மறுநாள் காலையில் கடற்கரைக்குப் போனோம். குகன் கட்டிய போட்டை இழுத்து வந்து மணலில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அணியத்தின் நடுவில் ஆள் கை நுழையும் பிளவு. நான் குனிந்து கை விட்டேன். உடைந்த இடத்தில் கண்ணாடி நார் தலைமுடி மாதிரி நீட்டிக்கொண்டு இருந்தது. நன்றாக இறுகிய ரெசின் நாரைப் பிடித்துக்கொண்டு சேர்ந்தே உடையும். இது நாரை விட்டுவிட்டுத் தான் மட்டும் உடைந்திருந்தது. இப்படி ஒரு உடைசலை நான் பார்த்ததே இல்லை.

போட்டுக்காரர் சின்னராசா அண்ணன் வந்தார். பின்னால் நாலைந்து பேர். அவர் குகனிடம் கேட்டார்.

"இவர்தான் உன்ரை இந்தியா வாத்தியாரோ?"

"ஓம் அண்ணை."

என் பக்கம் திரும்பினார். "எங்கடை வலையை அறுத்தது காணாதெண்டு இப்ப வள்ளத்தையும் உடைக்க வந்தனீரோ?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் பக்கத்து டிராலர் படகுகள் இங்கே வந்து இவர்கள் வலையை அறுத்துவிடுகின்றன. இந்தக் கரையில் எங்கள் ஆட்கள் மேல் என்ன கோபம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கோபத்தில் நியாயம் இருப்பதும் தெரியும்.

குகன் குறுக்கே வந்தான். "அவர் றோலர்காரன் இல்லை அண்ணை. பைபர் வேலை செய்யிறவர்."

"ரெண்டும் அந்தக் கரைதானே. சரி, வந்தனீர், பாரும். வடிவாப் பாரும்."

பிறகு அவரே மணலில் உட்கார்ந்து சொன்னார்.

"சத்தம் ஒண்டும் கேக்கேல்லை. அதுதான் பயம். ஒரு அலைக்கு அணியம் ஏறி விழுந்துது. அடுத்த அலைக்கு ஏறேல்லை. குனிஞ்சு பாத்தால் காலுக்குக் கீழை கடல். நானும் மச்சானும் எண்ணெய்க் கானைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தம். வெய்யில் ஏறி இறங்கிற நேரம்வரைக்கும். முந்தின நாள் முழுக்கச் சுத்திப் பாத்தனான், ஒரு கீறல் இல்லை."

"மச்சான் எப்படி இருக்காரு?"

"இருக்கிறான். தண்ணி குடிக்கேக்கை கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறான்."

ஒரு கீறல் இல்லை. கண்ணாடி மாதிரி இருக்கு. இரண்டும் ஒரே பேச்சுதான். நான் எழுந்து தள்ளிப் போய் நின்றேன்.

மத்தியானம் குகன் வீட்டில் புட்டு, மீன் குழம்பு, முருங்கைக்காய்க் கறி. எங்கள் வீட்டில் புட்டு என்றால் சர்க்கரை போட்டது. இங்கே சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிடுகிறார்கள். குகன் மனைவி கேட்காமலே இன்னொரு அகப்பை வைத்தார். எனக்கு இறங்கவில்லை.

"நீ கட்டினதை ஒண்ணு விடாம சொல்லு" என்றேன்.

அவன் வரிசையாகச் சொன்னான். அச்சுக்கு மெழுகு போட்டது, நார்ப்பாய் விரித்தது, ரெசின் பூசி உருட்டியது. எல்லாம் சரி. கடைசியில் சொன்னான்.

"பேந்து மூண்டு நாள் ஈரச் சாக்குப் போட்டு மூடி வைச்சனான்."

"என்னது?"

"ஈரச் சாக்கு. காலமையும் பின்னேரமும் தண்ணி தெளிச்சனான். இறுக வேணுமெல்லோ?"

சிமெண்டுத் தூணுக்குத்தான் ஈரச் சாக்குக் கட்டுவார்கள். பைபருக்குத் தண்ணீர் விஷம். பத்து வருஷ மேசன் கை அவனை அறியாமல் அதைச் செய்திருக்கிறது.

"பைபருக்கு எவனாவது தண்ணி தெளிப்பானா? எங்கிட்ட ஏழு வருஷம் என்ன பண்ணின?"

சத்தமாகத்தான் திட்டினேன். உண்மையில் எனக்குச் சந்தோஷம். மார்பில் இருந்த கல் இறங்கியது. தப்பு தண்ணீரில் இருக்கிறது. பாலுவின் போட்டுக்கு யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை. புட்டை இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். குகன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான்.

திரும்பிப் போகிறேன் என்றேன். குகன்தான் விடவில்லை.

"உடுவிலிலை ஒரு பிள்ளை இருக்கிறா அண்ணை. யூனிவர்சிற்றி கம்பஸிலை படிப்பிக்கிறா. அவையின்ரை மதில் நான்தான் கட்டினனான். ரெசினைக் கம்ப்யூட்டருக்குள்ளை வைச்சு இழுத்துப் பாக்கிறாவாம். ஒருக்கா காட்டிப்போட்டுப் போவம். தண்ணிதான் எண்டு சின்னராசா அண்ணைக்கு நான் சொல்லேக்கை, படிச்ச ஆக்களும் சொல்ல வேணும்."

சரி என்றேன். எனக்கும் அந்தப் பேச்சு எழுத்தில் வேண்டும் போல இருந்தது.

மூன்றாம் நாள் உடைந்த அணியத்தில் ஒரு பெரிய துண்டு அறுத்து எடுத்தோம். மோட்டார் சைக்கிளில் நான் பின்னால் உட்கார்ந்து அதை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். காற்று அதில் மோதி வண்டியை ஆட்டியது. சுன்னாகத்துக்குக் கொஞ்சம் முன்னால் செயின் அறுந்தது. குகன் தள்ள, நான் துண்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். மரக்கறிக் கடை வாசலில் நின்றவர் கேட்டார்.

"அதென்ன ஐயா, சவப்பெட்டி மூடியோ?"

"இல்லீங்க. போட்டு."

"ஓ, அதுவும் அதுதானே" என்று சொல்லிவிட்டு வெங்காயம் பொறுக்கப் போனார்.

அவருக்கு அது சும்மா பேச்சு. எனக்கு அப்படி இல்லை. செயின் மாட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் வெங்காயக்காரர் பக்கம் நான் திரும்பவில்லை.

உடுவிலில் அந்தப் பெண்ணின் பெயர் ஆரணி. முப்பது வயது இருக்கும். அவர் அம்மா எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார். ஆரணி துண்டை வாங்கிப் பார்த்தார். உடைந்த இடத்தை விரலால் தடவினார். முகம் மாறியது. கம்ப்யூட்டரில் ஒரு படத்தைத் திறந்தார்.

ஒரு பெட்டி. அதற்குள் சிக்குப் பிடித்த தங்கூசித் தூண்டில் நூல் மாதிரி ஆயிரக்கணக்கான நூல்கள். அங்கங்கே சிவப்புப் புள்ளி.

"ஐயா, ரெசின் உள்ளுக்கை நூல் மாதிரித்தான். இறுக்கிற மருந்து, ஹார்ட்னர், போட்டவுடனை ஒரு நூலுக்கும் மற்ற நூலுக்கும் முடிச்சு விழும். இந்தச் சிவப்பெல்லாம் முடிச்சு. முடிச்சு விழுந்தால் வலை. விழாட்டி வெறும் நூல்."

இது எனக்குப் புரிந்தது. முப்பது வருஷம் ரெசினைக் கலந்திருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இதை என்ன செய்வீங்க?"

"இழுப்பன். கம்ப்யூட்டருக்குள்ளை ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்து விடுவன், இழுத்து விடுவன். அலை அடிக்கிற மாதிரி. எந்த இடத்திலை நூல் விலகி ஓட்டை விழுகுதெண்டு பாக்கலாம். இது உண்மையான வள்ளம் இல்லை, ஒரு தூசியிலும் சின்னத் துண்டு. ஆனால் பிழை அங்கைதான் தொடங்கும்."

பிறகு கேள்வி கேட்டார். என்ன ரெசின், எத்தனை நாள் அச்சில் இருந்தது, அந்த நாட்களில் வெயிலா மழையா. குகன் பதில் சொன்னான். ஈரச் சாக்கையும் ஒளிக்காமல் சொன்னான்.

"ஹார்ட்னர் எவ்வளவு?"

"ஒரு வாளிக்கு ஒரு மூடி" என்று குகன் மூடியை எடுத்து வைத்தான். என் கொட்டகையிலிருந்து போகும்போது நான் கொடுத்த மூடி. ஆரணி ஊசிக்குழாயில் தண்ணீர் எடுத்து அதை அளந்தார். எழுதினார். பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது நல்ல வெய்யிலுக்கே மட்டுமட்டு. மார்கழிக் குளிருக்குக் கூட்டேல்லையோ?"

குகன் தரையைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

இதை எழுத வேண்டும். அந்த மார்கழியில் குகன் எனக்குப் போன் போட்டான். "அண்ணை, இஞ்சை குளிருது. மூடி கூட்டட்டோ?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். சீக்கிரம் இறுகினால் நார்ப்பாய்க்குள் காற்று நின்றுவிடும், மெதுவாக இறுகட்டும் என்றேன். முப்பது வருஷமாக நான் எல்லோருக்கும் சொல்லுகிற பேச்சு அது. ஆனால் அந்த முப்பது வருஷத்தில் மார்கழியில் நான் போட்டு கட்டியதே கிடையாது. மழை தொடங்கினால் கொட்டகையைச் சாத்திவிடுவேன். போன மார்கழியில்தான், பாலு அவசரப்பட்டான் என்று, முதல் முறையாகக் கட்டினேன். ஒரு வாளிக்கு ஒரு மூடி.

"கூட்டேல்லை" என்றான் குகன். யார் சொல்லி என்று சொல்லவில்லை.

ஆரணி மூன்று விதமாக ஓட்டிப் பார்க்கிறேன் என்றார். ஒரு மூடி, ஈரச் சாக்கோடு. ஒரு மூடி, சாக்கு இல்லாமல். இரண்டு மூடி, சாக்கு இல்லாமல். கம்ப்யூட்டருக்கு இரண்டு நாள் வேண்டுமாம்.

இரண்டாவது பாலுவின் போட்டு. அது அவருக்குத் தெரியாது.

நான்காம் நாள் சும்மா இருக்க முடியவில்லை. குகனுக்குப் பண்டத்தரிப்பில் ஒரு மேசன் வேலை. நானும் கூடப் போனேன். பஸ்ஸில் பாட்டு. எங்கள் ஊர்ப் படப்பாட்டுத்தான். நின்றுகொண்டே போனோம். கண்டக்டர், "பின்னுக்குப் போங்கோ, பின்னுக்குப் போங்கோ, பின்னுக்கு ஒரு பெரிய ஹோலே கிடக்கு" என்று கத்திக்கொண்டு வந்தார். ஹோல் என்றால் ஹால்; பின்னால் ஒரு கோழிக்குக்கூட இடம் இல்லை. ஒரு அம்மா சொன்னார்: "அப்ப தம்பி, நீர் வந்து அந்த ஹோலிலை படுமன்." பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

புது வீடு. நாலு தூண்களைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டியிருந்தது. குகன் போனதும் ஒரு வாளித் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு தூணுக்கும் ஊற்றினான். குளிப்பாட்டுகிற மாதிரி, மெதுவாக. எந்தத் தூணையும் விடவில்லை. அப்போதுதான் தெரிந்தது. போட்டுக்கும் இப்படித்தான் ஊற்றியிருப்பான். அலட்சியத்தில் இல்லை. அவனுக்குத் தெரிந்த அக்கறை அது. இவனை வைத்து நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன்.

சாயந்தரம் பாலுவைக் கூப்பிட்டேன்.

"நாளைக்குப் போறியா?"

"போறேம்பா. வெளியே மீன் பட்டுருக்கு. தூரமாத்தான் போவணும்."

போகாதே என்று சொல்ல வாய் வந்தது. ஏன் என்று கேட்பான். நாளைக்குக் கம்ப்யூட்டர் சொல்லிவிடும், தண்ணீர்தான் என்று. ஒரு நாள்தானே.

"காத்து எப்படி?"

"தெக்குக் காத்து எடுத்திருக்கு."

"பார்த்துப் போ" என்றேன். 

ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்கே உடுவிலில் இருந்தோம். இரண்டு கணக்கு முடிந்திருந்தது. மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்தால்தான் மூன்றையும் சேர்த்துப் பார்க்க முடியும் என்றார். சமையலறையில் மிக்ஸி சத்தம் கேட்டது. ஆரணி கத்தினார்.

"அம்மா! மிக்ஸியைப் போடாதேங்கோ எண்டனான் எல்லே! கரண்ட் விழுந்தால் முதலிலையிருந்து ஓட வேணும்!"

"அப்ப சம்பலுக்கு என்ன செய்யிறது? கம்ப்யூட்டரிலை போட்டு அரைக்கட்டோ?"

"அம்மியிலை அரையுங்கோ!"

"நீ வந்து அரை, டொக்டர் அம்மா!"

குகன் சிரித்தான். நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். எரிய வேண்டும் என்று நினைத்தேன். அணைந்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

விளக்கு அணையவில்லை. கணக்கு முடிந்தது. ஆரணி மூன்று பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மூன்றையும் ஒன்றாக இழுத்தார், விட்டார். இழுத்தார், விட்டார். சத்தமே இல்லாமல் அது நடந்தது.

முதல் பெட்டியில் கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளை ஓட்டை விழுந்தது. பெரிதாயிற்று. நூல்கள் ஒன்றையொன்று விட்டு வழுக்கிப் போயின. அது சின்னராசா அண்ணன் போட்டு.

மூன்றாவது நின்றது.

நான் நடுவில் இருந்ததைப் பார்த்தேன். நின்றது. இழுத்தார், நின்றது. இழுத்தார், நின்றது. மூச்சு விட்டேன். அப்போது ஒரு ஓரத்தில் கடுகு மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. அடுத்த இழுவையில் மிளகு அளவு. அதற்கு அடுத்ததில் பெட்டி பிளந்தது.

"பாத்தியளோ?" என்றார் ஆரணி. "சாக்கு மேல்தோலைத்தான் கெடுத்தது. இன்னும் கெதியா, முந்தியே உடையப் பண்ணிச்சுது, அவ்வளவுதான். சாக்குப் போடாட்டிலும் இது உடையும். முடிச்சுக் காணாது, போதாது. குளிருக்கை ஒரு மூடி காணாது."

"வெயில்ல காய வச்சா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"முடிச்சுப் போடுற மருந்தே உள்ளுக்கை மிச்சம் இல்லை ஐயா. எவ்வளவு காய்ஞ்சாலும் இனி விழாது."

குகன் எழுந்து நின்றான். "பிழை என்ரைதான் மிஸ். நான்தான் மூடியைக் கூட்டாமல் விட்டனான். அண்ணைக்கு ஒண்டும் தெரியாது."

அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான். அந்த அறையில் வேறு யாருக்கும் எதுவும் தெரியாது. நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். கப்பல் ஏறிப் போயிருக்கலாம்.

"இவன் கேட்டான்" என்றேன். "கூட்டவான்னு கேட்டான். நான்தான் வேணாம்னேன்."

பையைத் திறந்து என் துண்டை மேசையில் வைத்தேன்.

"இது எம் மவன் போட்டு. அதே மார்கழி. அதே மூடி."

 ஆரணி துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "கம்ப்யூட்டரை மட்டும் நம்பச் சொல்லி நான் சொல்லேல்லை. அசிற்றோன் இருக்கு. துடைச்சுப் பாப்பம்" என்றார்.

அசிட்டோனில் தினமும் பிரஷ் கழுவுகிறவன் நான். நன்றாக இறுகிய பைபரை அது ஒன்றும் செய்யாது. குகன் வாளால் துண்டை நடுவில் அறுத்தான். ஆரணி பஞ்சை நனைத்து அறுத்த முகத்தில் தேய்த்தார். என்னிடம் கொடுத்தார். பெருவிரலை வைத்து அழுத்தினேன்.

ஒட்டியது. பலாப்பழப் பிசின் மாதிரி விரலோடு வந்தது.

வீட்டுக்குப் போன் போட்டேன். மருமகள் செல்வி எடுத்தாள்.

"பாலு எங்க?"

"விடியக் கருக்கல்லயே போயாச்சு மாமா."

"போனு?"

"டவர் இல்லாத தூரம். எடுக்காது."

"வயர்லெஸ் கொட்டகைக்கு ஓடு. போனை வைக்காத. ஓடு."

அவள் ஓடுகிற மூச்சு காதில் கேட்டது. நாய் குரைத்தது. யாரோ, "என்னம்மா?" என்று கேட்டார்கள். கரையிலிருந்து போட்டுகளோடு வயர்லெஸ்ஸில் பேசுகிற கோவிந்து போனை வாங்கினான்.

"என்னண்ணே சொல்லணும்? நான் சொல்றேன்."

"நானே சொல்றேன். போனை மைக்குகிட்ட வை."

"எல்லா போட்டுக்கும் கேக்கும்ணே."

"கேக்கட்டும்."

கரகரவென்று சத்தம் வந்தது. இரண்டு போட்டுக்காரர்கள் மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கோவிந்து அவர்களை நிறுத்தச் சொன்னான்.

"நான் செல்லையன் பேசுறேன். பாலு போட்டு என் கையால கட்டினது. கலவை தப்பு. அணியம் பிளக்கும். பக்கத்துல யாரு இருக்கீங்களோ, ஆளை ஏத்திக்குங்க."

கரகரப்பு மட்டும் கேட்டது. ஆரணி கதவோரம் நின்றார். அவர் அம்மா அம்மியிலிருந்து எழுந்து வந்து நின்றார். கையில் தேங்காய்த் துருவல். குகன் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஒரு குரல் வந்தது. பாலு இல்லை.

"அண்ணே, எனக்கும் நீங்கதானே கட்டினது?"

"உனக்குச் சித்திரையில கட்டினேன். அது வெயிலு."

"நிச்சயமாண்ணே?"

 முப்பது வருஷத்தில் கட்டியது எத்தனை என்று எனக்கே தெரியாது.

"கரைக்கு வந்ததும் விளிம்புல ஒரு துண்டு அறுத்து வை. வந்து பார்க்கிறேன்."

"எனக்கும்ணே" என்றது இன்னொரு குரல். பிறகு இன்னொன்று. கோவிந்து எல்லோரையும் அடக்கினான். பாலு, பாலு என்று கூப்பிட்டான். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ தெரியவில்லை, பாலு வந்தான்.

"அப்பா? என்னப்பா இது, போட்டு நல்லாத்தானே ஓடுது?"

"வலையை விடு. பக்கத்துல யாரு?"

"மணி அண்ணன் போட்டு தெரியுது. வலை பாதி கடல்ல கெடக்குப்பா."

"விடு. ஏறு."

"அலையா இருக்கு. இழுத்துட்டு வந்துடறேனே, ஒரு அரை மணி..."

"பாலு. ஏறு."

அவன் குரல் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. செல்வி அழுகிறது கேட்டது. என் பெருவிரல் இன்னும் பிசுபிசுத்தது. அலைக்கு ஏறி விழுகிற அணியம்தான் கண்ணில் இருந்தது. ஏறி விழுந்தது. ஏறி விழுந்தது. அடுத்ததற்கு ஏறுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஏறிட்டாங்கண்ணே." மணியின் குரல். "ரெண்டு பேரும் ஏறிட்டாங்க. போட்டைக் கயிறு கட்டி இழுத்துட்டு வர்றோம்."

குகன் தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் உட்காரவில்லை.

பாலு மறுபடியும் வந்தான். மூச்சு வாங்கினான். கோபமாக இருந்தான்.

"ஊரே கேக்குறமாரி சொல்லிட்டீங்க. இனி எவன்பா உங்ககிட்ட போட்டு கட்டுவான்? கரைக்கு வந்து கோடாலி போட்டு வெட்டிப் பாக்குறேன். உள்ள நல்லா இருந்தா என்ன பண்றது?"

"நல்லா இருந்தாலும் வெட்டு" என்றேன்.